சாகாவின் பெயரில் ஒரு தனிப்பந்தி

கல்கத்தா நகரில் ஈடன் இந்து விடுதி என்றொரு மாணவர் விடுதி. 1911-ஆம் ஆண்டில் அங்கே வந்து சேர்ந்தான் ஓர் இளைஞன். டாக்காவை அடுத்த சியோரத்தலி என்னும் சிற்றூரில், சிறு கடை வைத்து வயிறு வளர்த்தவரின் மகன். மேலே படிக்க வழியின்றி நின்றபோது, மருத்துவர் ஒருவர் தம் வீட்டிலே இடமும் உணவும் தந்து பள்ளிக்கு அனுப்பினார். வங்கப் பிரிவினைக் காலத்தில் ஆளுநரின் வருகையைப் புறக்கணித்தான் என்று பள்ளி அவனை வெளியே தள்ளிற்று; உதவித்தொகையும் போயிற்று. அத்தனையும் தாண்டி, பிரசிடென்சி கல்லூரி மாணவனாகக் கல்கத்தா வந்தவனுக்கு விடுதியில் கிடைத்த வரவேற்பு என்ன? உணவு வேளையில் தனியே உட்கார் என்றனர் உடன் பயின்றோர். சாதி! சரசுவதி பூசை நாளில் மேடைப் பக்கம் வராதே என்று தடுத்தனர். கல்விக்கென்று ஒரு தெய்வம். கற்க வந்தவனுக்கோ அதன் முன்னே தடை!

சேரன்மாதேவியை அறிந்த நமக்கு இது புதிதன்று. குருகுலத்திலே இரண்டு பந்தி வைத்தார்கள், தமிழகம் கொதித்தது. கல்கத்தா இளைஞனுக்காகக் கொதிக்க யாருமில்லை. தன் தட்டை எடுத்துக்கொண்டு தனியே உட்கார்ந்தான், படித்தான்.

அந்த இளைஞன்தான் மேகநாத் சாகா. 1919-இல் கல்கத்தாப் பல்கலைக் கழகத்தின் டாக்டர் பட்டம். 1920-இல், விண்மீனின் வெப்பத்துக்கும் அது வீசும் ஒளியின் நிறமாலைக்கும் உள்ள கணக்கை உலகுக்குச் சொன்ன சமன்பாடு. இன்றும் வானியல் மாணவன் எந்த நாட்டில் படித்தாலும் சாகா சமன்பாட்டைப் படிக்காமல் தேற முடியாது. 1950-இல் அவர் கல்கத்தாவில் அமைத்த அணுக்கரு இயற்பியல் நிலையத்தைத் திறந்து வைத்தவர், கியூரி அம்மையாரின் மகள் ஐரீன். சாகா 1956-இல் மறைந்தார். அந்த நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

தோழர்களே, இனிச் சட்டப் புத்தகத்தைத் திறப்போம்.

மத்தியக் கல்வி நிறுவனங்களில் மாணவர் சேர்க்கைக்கான இட ஒதுக்கீட்டுச் சட்டம், 2007-ஆம் ஆண்டு சனவரியில் நடைமுறைக்கு வந்தது. தாழ்த்தப்பட்டோருக்கு 15 விழுக்காடு, பழங்குடியினருக்கு 7.5, பிற பிற்படுத்தப்பட்டோருக்கு 27. நெடுநாள் போராட்டத்தின் கனி. 2008 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. மகிழ்ந்தோம், மகிழத்தான் வேண்டும். ஆனால் அதே சட்டத்தின் நான்காம் பிரிவைப் படித்தோமா? சிறப்புமிக்க நிறுவனங்களுக்கும், ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும், நாட்டுக்குத் தனி முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனங்களுக்கும் இந்த ஒதுக்கீடு பொருந்தாது என்கிறது அது. எந்தெந்த நிறுவனங்கள் என்று கடைசியில் ஓர் அட்டவணை. பம்பாயின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், அலகாபாத்தின் ஹரிஷ்-சந்திரா நிறுவனம், புவனேசுவரத்தின் இயற்பியல் நிறுவனம், அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வுக்கூடம், நம் சென்னைத் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம், இவற்றோடு கல்கத்தாவின் சாகா நிலையமும்!

தனியே உட்கார வைக்கப்பட்டவரின் பெயரைப் பலகையில் எழுதினர். அப்படித் தனியே உட்கார வைக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்கு உள்ளே இடம் ஒதுக்க வேண்டியதில்லை என்று சட்டத்தில் எழுதினர்.

பட்டியலைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. உயர் ஆற்றல் இயற்பியலிலும் கணித இயற்பியலிலும் டாக்டர் பட்டம் பெற விரும்பும் மாணவன் இந்நாட்டில் முதலில் தேடிப் போகும் கதவுகள் இவைதாம். பருப்பொருளின் அடிநுனி வரை சென்று, குவார்க்கு என்ன, நியூட்ரினோ என்ன, அண்டம் எவ்வாறு தோன்றிற்று என்று கேட்கும் கல்வி இந்த வீடுகளிலேதான் வளர்ந்திருக்கிறது. மருத்துவத்தில் இடம் கேட்டோம், பொறியியலில் கேட்டோம், உத்தியோகத்தில் கேட்டோம். அண்டத்தைப் பற்றிச் சிந்திக்கும் உரிமையில் பங்கு கேட்க மறந்தோம். அந்தத் தவற்றில் நமக்கும் பங்குண்டு.

ஏன் இந்த விலக்கு? நாட்டின் பாதுகாப்பு என்பார் சிலர். அணு உலைக் கூடத்துக்கு அந்த வாதம் ஒரு வேளை பொருந்தலாம். ஒதுக்கீட்டில் வந்தவன் இரகசியத்தை வெளியிடுவான் என்று எண்ணுவதே இழிவு என்றாலும், வாதத்துக்காக ஒப்புக்கொள்வோம். ஆனால் இழைக் கொள்கையில் என்ன இரகசியம்? 1991-ஆம் ஆண்டு முதல், உயர் ஆற்றல் இயற்பியலார் தம் கட்டுரைகளை அச்சேறும் முன்பே உலகம் முழுதும் விலையின்றிப் படிக்கக் கணிப்பொறி வலையில் வெளியிட்டு வருகின்றனர். இந்தத் துறைக்காகவே தொடங்கப்பட்ட அந்த ஏட்டகத்தைப் பார்த்துத்தான் மற்றத் துறைகள் பின்பற்றின. பெய்ஜிங்கில் உள்ளவன் படிக்கலாம், மாஸ்கோவில் உள்ளவன் படிக்கலாம். பெரம்பலூர் உழவன் மகளுக்கு அதே பாடத்தைப் பயில இடம் ஒதுக்கினால் மட்டும் நாடு ஆபத்தில் விழுந்துவிடுமா?

அடுத்த வாதம், பழைய வாதம்: தகுதி! இவ்வளவு உயர்ந்த படிப்புக்குத் திறமை ஒன்றே அளவுகோலாக வேண்டுமாம். அவர்களுக்கு ஒருவரை அறிமுகப்படுத்துவோம்.

பஞ்சாபின் ஜங் என்னும் ஊரில் வளர்ந்தவர் அப்துஸ் சலாம். 1940-இல், பதினான்கு வயதில், மெட்ரிகுலேஷன் தேர்வில் மாகாணத்திலேயே முதலிடம். தகுதிக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஆனால் அந்தத் தகுதி அவரைக் கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏற்றியதா? இல்லை. போருக்கென்று திரட்டிய நிதி, போர் முடிந்ததும் பஞ்சாப் அரசிடம் மிஞ்சிக் கிடந்தது. அதைச் சிறு விவசாயிகளின் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கி, வெளிநாட்டுப் படிப்புக்குச் சில உதவித்தொகைகளை அறிவித்தனர். அதில் ஒன்றைப் பெற்று 1946-இல் கப்பல் ஏறினார் சலாம். உடன் தேர்வானவர்களுக்கு அடுத்த ஆண்டு இடம் என்றனர். அடுத்த ஆண்டு நாடு பிரிந்தது, உதவித்தொகையும் மறைந்தது. கதவு ஒரே ஓர் ஆண்டு திறந்திருந்தது; ஒரே ஒருவர் உள்ளே போனார். அந்த ஒருவர் 1979-இல் நோபல் பரிசு பெற்றார். மின்காந்த விசையும் மென்விசையும் ஒன்றின் இரு முகங்களே என்று காட்டியதற்காக, கிளாஷோ, வைன்பெர்க் ஆகியோருடன் பகிர்ந்துகொண்ட பரிசு.

ஒதுக்கீடு தரத்தைக் கெடுக்கும் என்போர் இதற்கு என்ன விடை வைத்திருக்கிறார்கள்? அந்த ஒதுக்கீடு சாதிக்கு அன்று, உழவுக்கு என்பர். சரி. கதவைத் திறந்தது மதிப்பெண்ணா, ஒதுக்கீடா? கப்பல் ஏறாமல் நின்றவர்களில் இன்னொரு சலாம் இருந்தாரா என்று இனி எவர் சொல்ல முடியும்?

உள்ளே போனாலும் பாதை நீளம். முதுநிலைப் பட்டத்துக்குப் பின் ஐந்து, ஆறு ஆண்டு ஆராய்ச்சி. அதன்பின் இரண்டாண்டுக்கு ஓர் ஊர் என்று வெளிநாட்டில் அலையும் தற்காலிகப் பணி. அதற்கும் பின்னரே நிலையான வேலை, அதுவும் கிடைத்தால். முப்பத்தைந்து வயது வரை மகன் என்ன சம்பாதிக்கிறான் என்று கேளாதிருக்க எந்தக் குடும்பத்தால் முடியும்? பரம்பரையாகச் சம்பளம் வாங்கிய வீட்டால் முடியும். முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசல் மிதித்த வீட்டால் முடியாது. அங்கே மாதந்தோறும் வரும் உதவித்தொகைதான் அடுப்பை எரிக்கிறது. 2019-இல் இளநிலை ஆராய்ச்சியாளருக்கு மாதம் 31,000 ரூபாய். 2023 தொடக்கத்திலிருந்துதான் 37,000. இடையில் நான்கு ஆண்டு விலைவாசி நின்று காத்திருந்ததா?

கொடுத்ததையும் எடுத்தார்கள். சிறுபான்மைச் சமூகத்து ஆராய்ச்சி மாணவர்களுக்காக 2009-இல் தொடங்கிய மௌலானா ஆசாத் உதவித்தொகையை நிறுத்திவிட்டதாக 2022 டிசம்பரில் பாராளுமன்றத்தில் அறிவித்தது மத்திய அரசு. மற்றத் திட்டங்களோடு மோதுகிறதாம்! சலாமுக்குப் பின் மூடிய கதவுக்கு நாட்டுப் பிரிவினை காரணம். இதற்கு எந்தப் பிரிவினை காரணம்?

விலக்குப் பெற்ற நிறுவனங்களில் ஒன்றிரண்டு தாமாகவே மனமிரங்கி இடம் தரலாம். நல்லவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள்; மறுக்கவில்லை. ஆனால் அது தயவு. இன்றைய இயக்குநர் தருவார், நாளைய இயக்குநர் மறுப்பார், கேட்க முடியாது. தயவுக்காகவா நாம் இத்தனை காலம் தெருவில் நின்றோம்?

தரமணி நிறுவனம் 1962 சனவரி 3 அன்று, சென்னை மாநிலக் கல்லூரியில் பிறந்தது. 69 விழுக்காட்டைச் சட்டமாக்கிக் காத்து நிற்கும் மாநிலத்தின் தலைநகரில், அந்த வாசலுக்கு மட்டும் ஒதுக்கீட்டுச் சட்டம் செல்லாது என்பது நம் செவிக்கு எட்டாமலே பல ஆண்டுகள் ஓடிவிட்டன.

இதை மாற்றப் புதிய சட்டம் வேண்டும், பாராளுமன்றத்தில் பெரும்பான்மை வேண்டும் என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். நான்காம் பிரிவிலேயே எழுதியிருக்கிறது: அட்டவணையை மத்திய அரசு தேவைப்படும்போது அரசிதழ் அறிவிப்பின் மூலம் திருத்தலாம். அமைச்சரவை ஒப்பினால் ஒரு தாள், ஒரு கையெழுத்து. கிளைக் கழகந்தோறும் தீர்மானம் போடுங்கள். நம் உறுப்பினர்கள் அவையில் அந்தத் தாளைக் கேட்கட்டும். முதலில் அடிக்க வேண்டிய வரி, சாகா பெயர் உள்ள வரி.