கடைசி மினியைப் பூட்டியவர்கள்

2000 ஒக்டோபர் 4. பேர்மிங்ஹாம் நகரின் லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையிலிருந்து கடைசி 'மினி' கார் வெளிவந்தது. சிவப்பு நிறக் கூப்பர் ஸ்போர்ட், 1275 சி.சி. இயந்திரம். 1959 முதல் உற்பத்தியானவை மொத்தம் 5,387,862. பாடகி லூலு அதனை ஓட்டி வந்தார். பின்னர் அது கெய்டன் அருங்காட்சியகத்தை அடைந்தது.

இவ்விவரங்களை மனப்பாடமாக ஒப்பிக்கும் கார்ப் பிரியர்களோடு எனக்கொரு வழக்குண்டு. அந்தக் காரைப் பூட்டியவர்கள் என்னவானார்கள் என்று ஏன் எவரும் சொல்வதில்லை?

அவ்வாண்டு மே மாதத்திலேயே ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ, ரோவர் நிறுவனத்தை வெறும் 10 பவுணுக்குக் கைகழுவிவிட்டு, மினி என்ற பெயரைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. புதிய மினி ஒக்ஸ்போர்ட்டுக்குப் போயிற்று. ஆக, கடைசி மாதங்களில் லோங்பிரிட்ஜ் தொழிலாளர், பிறர் சொத்தாகிவிட்ட பெயருக்கே உழைத்தனர். இதனை 'ஒரு யுகத்தின் முடிவு' என்றெழுதுவது பத்திரிகைக்காரரின் சோம்பல். (நானும் அச்சோம்பலுக்கு விலக்கானவன் அல்லன்.)

2005 ஏப்ரலில் நிறுவனம் வீழ்ந்தது. ஏறத்தாழ 6,000 பேர் வேலையிழந்தனர். அதனை வாங்கிய நால்வரும் தலைமை நிர்வாகியும் சம்பளமாகவும் ஓய்வூதியமாகவும் பெற்றுக்கொண்டது சுமார் 42 மில்லியன் பவுண் என்று 2009இல் அரசாங்கத்தின் விசாரணை அறிக்கை கூறிற்று. அந்த எண்ணை எந்தக் கார்ப் பிரியரும் மனப்பாடம் செய்து நான் கண்டதில்லை.