புகை வேண்டாம், கணக்கைக் காட்டுங்கள்

ஹெந்தளை, வத்தளை உறவுகளே, பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

மழை விட்ட மறுநாளே வாட்ஸ்அப் குழுமங்களில் ஒரே குரல்: "புகை அடிக்கச் சொல்லுங்க." புகை வண்டி வருகிறது, யாராவது ஓர் அரசியல்வாதி அதற்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்கிறார், எல்லோரும் ஆமீன் சொல்லாத குறையாகத் திருப்திப்படுகிறார்கள். அடுத்த வாரம் பக்கத்து ஒழுங்கையில் இன்னொரு பிள்ளைக்குக் காய்ச்சல்.

புகை, பறக்கிற நுளம்பைத்தான் கொல்லும். தண்ணீரில் நெளிகிற புழு அப்படியே இருக்கும். பாத்திர ஓரத்தில் ஒட்டியிருக்கும் முட்டை காய்ந்த நிலையிலேயே மாதக் கணக்கில் உயிரோடு கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். முட்டை நுளம்பாவதற்கு எங்கள் சூட்டில் ஒன்றரை வாரம்கூட வேண்டியதில்லை. அப்படியென்றால் புகை அடித்து என்ன மிச்சம்? மணம்தான்.

இரண்டாவது சாட்டு, கால்வாய். எதற்கெடுத்தாலும் கால்வாய். (டச்சுக் கால்வாய் என்று நாங்கள் சொல்லும் ஹமில்டன் கால்வாயை 1802இல் தொடங்கி 1804இல் முடித்தது ஆங்கிலேயர். அது வேறு கதை.) கால்வாயைத் துப்புரவாக்கத்தான் வேண்டும், அதில் மறுபேச்சில்லை. ஆனால் அழுக்குக் கானிலும் கால்வாயிலும் பெருகுவது யானைக்கால் பரப்பும் கியூலெக்ஸ் நுளம்பு. டெங்குவைக் கொண்டுவரும் ஈடிஸ் நுளம்புக்குத் தெளிந்த, தேங்கிய, கொஞ்சத் தண்ணீர் போதும். கூரைப் பீலி, பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, தயிர்ச் சட்டி, சிரட்டை, றம்புட்டான் தோல், பாவிக்காத கழிவறையின் தண்ணீர்த் தொட்டி. அது பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீற்றருக்குள்தான் திரியும். ஆகவே உங்கள் பிள்ளையைக் கடித்தது முத்துராஜவெலவிலிருந்து பறந்து வந்த நுளம்பல்ல. உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ பிறந்தது. பாடசாலையிலும் பிறந்திருக்கலாம், பள்ளியிலும் பிறந்திருக்கலாம். பள்ளி ஹவுழில் மீன் விட்டிருக்கிறார்கள், நல்லது. மேலே கொங்கிறீட் தட்டில் தேங்கும் தண்ணீரைக் கடைசியாக யார் ஏறிப் பார்த்தது?

இந்த நாட்டுக்கு நுளம்பை வெல்லத் தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. அதே ஆண்டு யானைக்கால் நோயும் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்று உறுதிப்படுத்தியது. எப்படி முடிந்தது? யானைக்கால் கிருமி இரவில்தான் இரத்தத்தில் நடமாடும் என்பதால், இரவில் வீடு வீடாகப் போய் விரலில் குத்தி இரத்தம் எடுத்தார்கள். மலேரியாவுக்குக் காய்ச்சல்காரர்களைத் தேடித் தேடிச் சோதித்தார்கள். மருந்தும் கொடுத்தார்கள், நுளம்பையும் அழித்தார்கள். ஆனால் எங்கே கொடுப்பது, எங்கே அழிப்பது என்று காட்டியது அந்தக் கணக்குத்தான். அடுத்த வருடமே, 2017இல், டெங்கு சந்தேக நோயாளர்கள் 1,86,101 பேர். நாட்டில் அதுவரை பதிவான ஆகக் கூடிய தொகை அது. மேல் மாகாணத்துக்குத்தான் பெரும் பங்கு.

டெங்குவுக்கும் கணக்கு எடுக்கிறார்கள். சட்டப்படி இது அறிவிக்க வேண்டிய நோய். சந்தேகம் வந்தாலே வைத்தியர் எம்.ஓ.எச். காரியாலயத்துக்கு அறிவிக்க வேண்டும், பீ.எச்.ஐ. வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும். நடப்பது என்ன? ஆஸ்பத்திரியில் வார்டில் சேர்ந்தவர்தான் பெரும்பாலும் கணக்கில் ஏறுகிறார். தெருமுனை டிஸ்பென்சரியில் மருந்து எடுத்து, லெப்பில் காசு கொடுத்து இரத்தம் பார்த்து, வீட்டில் பப்பாசி இலைச் சாறு குடித்துக் கிடப்பவர் எந்தப் பட்டியலில் வருகிறார்? இன்னொன்று. நாங்கள் வாயால் கொழும்பு என்று சொன்னாலும் ஹெந்தளை நிர்வாகத்தில் கம்பஹா மாவட்டம். பிள்ளையைக் கொழும்பில் சேர்க்கும்போது சிலர் கொட்டாஞ்சேனை மாமி வீட்டு முகவரியைக் கொடுக்கிறார்கள். பீ.எச்.ஐ. மாமி வீட்டுப் பூச்சாடியைப் பார்த்துவிட்டுப் போகிறார். நுளம்பு இங்கே நிம்மதியாக இருக்கிறது. தயவுசெய்து பிள்ளை தூங்கி எழும்பும் வீட்டின் முகவரியைக் கொடுங்கள்.

அதிகாரிகளிடம் எங்கள் கேள்வி வேறு. நூறு வீட்டைப் பரிசோதித்தால் புழு உள்ள பாத்திரம் எத்தனை என்று ஒரு சுட்டெண் எடுக்கிறீர்கள். நல்ல வேலை, வெயிலில் அலைகிற வேலை. அந்த எண் அந்த நூறு வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டாமா? மாவட்டக் கணக்கைப் பத்திரிகையில் வாசித்து ஒழுங்கையில் இருப்பவர் என்ன செய்வார்? "கம்பஹாவில் இவ்வளவு பேர்" என்றால் யாரும் எழும்ப மாட்டார்கள். "உங்கள் ஒழுங்கையில் இந்த வாரம் மூன்று பேர், ஐந்து வீட்டில் புழு" என்றால் அன்று அஸருக்கு முன்பே பீலி துப்புரவாகும். நோயாளியின் பெயர் எங்களுக்கு வேண்டாம், அது அவரவர் மானம். ஒழுங்கையும் எண்ணிக்கையும் போதும். தமிழிலும் சிங்களத்திலும். தமிழ் 1987இலிருந்து அரசகரும மொழி என்பதையும் மரியாதையோடு ஞாபகப்படுத்துகிறோம்.

தண்டப்பணத்தால் மட்டும் இது நடக்காது. பரிசோதகர் வருகிறார் என்றதும் கேற்றைப் பூட்டிவிட்டு உள்ளே மூச்சுக் காட்டாமல் இருக்கும் வீடுகளை எங்களுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். பிடிபடும் பயம் இருக்கும்வரை கதவு திறக்காது. 2007ஆம் ஆண்டின் நுளம்பு பெருகுதல் தடுப்புச் சட்டம் இருக்கட்டும். திரும்பத் திரும்ப அசட்டையாக இருப்பவருக்கும், வளவைக் காடாக விட்டுவிட்டு வெளிநாட்டில் இருக்கும் காணிக்காரருக்கும் அதைக் காட்டுங்கள். முதல் தடவை புழு கண்ட வீட்டு உம்மாவுக்கு அந்தப் புழுவை ஒரு போத்தலில் போட்டுக் காட்டுங்கள்.

வகுப்பறையில் நிற்கும் எங்களுக்கு இந்த நோய் வரவு இடாப்பில்தான் முதலில் தெரிகிறது. ஒரே பக்கத்திலிருந்து வரும் இரண்டு பிள்ளைகள் ஒரே வாரத்தில் காய்ச்சல் என்று நின்றால், எந்த அறிக்கைக்கும் முன்னால் இடாப்பு சொல்லிவிடுகிறது. அந்தத் தகவலை வாரம் ஒருமுறை பீ.எச்.ஐ.யிடம் கொடுக்க ஆசிரியர்கள் நாங்கள் தயார். பதிலுக்கு ஒழுங்கைக் கணக்கைப் பள்ளி, கோயில், சேர்ச், பன்சலை அறிவிப்புப் பலகைகளில் வாரந்தோறும் ஒட்டச் சொல்லிக் கேட்கிறோம். கடிதம் இரு மொழியிலும் எழுதியாயிற்று. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளி முன்றலில் கையொப்பம் எடுக்கிறோம். எல்லா மதத்தவரும் வரலாம், வீட்டிலிருக்கும் பெண்களின் கையொப்பத்தையும் வாங்கி வாருங்கள்.