பிணவறை வாசலில் வரும் கவர்

கொருக்குப்பேட்டையில் ஒருவர் வேலை பார்க்கும் இடத்தில் செத்துப்போனால், போலீஸுக்கு முன்னால் மேஸ்திரி வந்துவிடுகிறார். பிணவறை வாசலில் அழுதுகொண்டிருக்கும் பெண்களை விட்டுவிட்டு, அண்ணனோ மாமனோ யாராவது ஒரு ஆம்பளையைத் தனியாகக் கூட்டிப்போய்ப் பேசுகிறார். ஒரு கவர், ஒரு வெள்ளைத்தாள், ஒரு கையெழுத்து. “சாவுச் செலவுக்கு வெச்சுக்கங்க, மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்.” காரியம் முடிந்த பிறகு அவர் போனை எடுக்கமாட்டார்.

அந்தக் கவருக்குப் பெயர் இழப்பீடு இல்லை என்பதைத்தான் இங்கே சொல்ல வருகிறோம். சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடிய அதே 1923-இல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. வேலையில் இறந்தவருக்கான இழப்பீட்டை முதலாளி ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். குடும்பத்தின் கையில் நேராகக் கொடுத்த பணம், முன்பணமாக அனுமதிக்கப்பட்ட மூன்று மாதக் கூலி அளவைத் தவிர, இழப்பீடு கொடுத்ததாக ஆகாது. உரிமையை விட்டுக்கொடுத்து எழுதும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது 17-ஆவது பிரிவு. ஆகவே அந்த வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டுவிட்ட அண்ணனைத் திட்ட வேண்டாம். கதவு இன்னும் மூடவில்லை.

எவ்வளவு வரும்? 30 வயது, கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிறவர், மாதம் 20,000 சம்பாதித்தார் என்று வைத்துக்கொள்வோம். 2020 ஜனவரியில் மத்திய அரசு வைத்த உச்சவரம்பின்படி 15,000தான் கணக்கில் வரும். அதில் பாதி 7,500. அந்த வயதுக்குச் சட்ட அட்டவணை தரும் எண் 207.98. இரண்டையும் பெருக்கினால் 15,59,850 ரூபாய். இப்போது கவரில் இருந்ததை எண்ணிப் பாருங்கள். அவரே சாகாமல் கட்டைவிரலை மட்டும் இழந்திருந்தால், சட்டம் அதை 30 சதவீத இழப்பு என்கிறது. ஊனத்துக்குப் பாதிக்குப் பதில் 60 சதவீதக் கூலி என்பதால் 5,61,546 வரும். விபத்து நடந்த ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் 12 சதவீத வட்டி. நியாயமான காரணம் இல்லாவிட்டால் அதற்கு மேல் 50 சதவீதம் வரை அபராதம். தினக்கூலி என்று தட்டிக்கழிக்கவும் முடியாது, 2000-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த ஓட்டையை அடைத்துவிட்டது.

அடுத்து வரும் வசனம் நமக்குப் பழகியது: “ஆள் தண்ணி போட்டிருந்தான் சார்.” சேரிக்காரன் என்றால் குடித்திருப்பான் என்று நம்புவதற்கு யாருக்கும் ஆதாரம் தேவைப்படுவதில்லை. சில சமயம் நம் வீட்டுப் பெண்களே தலையைக் குனிந்துகொள்கிறார்கள். ஆனால் சட்டத்தில், சாவுக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் குடியைக் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்க முடியாது. சாவு வேலையினால், வேலையின்போது நேர்ந்ததா என்பதுதான் கேள்வி. பாதுகாப்புக் கருவியைக் கழற்றிவிட்டான், சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்ற சாக்குகளுக்கும் இதே பதில்தான்.

“அவன் எங்க ஆளே இல்ல, காண்ட்ராக்டர் ஆளு.” இதற்கும் பதில் உண்டு. தன் தொழிலின் பகுதியான வேலையைக் காண்ட்ராக்டரிடம் விட்டவரே முதலில் கட்ட வேண்டும். அவர் காண்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளட்டும், அது அவர்கள் பாடு.

2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூரில் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் இரும்பு வளைவு சரிந்து 9 வடமாநிலத் தொழிலாளர்கள் இறந்தார்கள். முதலமைச்சர் 10 லட்சம், பிரதமர் 2 லட்சம் அறிவித்தார்கள். வரட்டும், வேண்டாம் என்று யார் சொல்லப்போகிறார்கள். ஆனால் நிவாரணம் அரசு மனமிரங்கிக் கொடுப்பது. இழப்பீடு, ஆளை வேலைக்கு வைத்துச் சம்பாதித்தவர் கட்ட வேண்டிய கடன். முதலாவது தலைப்புச் செய்தியானதும் இரண்டாவதை யாரும் கேட்பதில்லை. நாமும்தான் கேட்பதில்லை. சாலை மறியல் செய்கிறோம், எஃப்ஐஆர் போட வைக்கிறோம், நிவாரணத் தொகை அறிவித்ததும் கலைந்துபோகிறோம். வன்கொடுமைச் சட்டத்தின் நிவாரண அட்டவணையை மனப்பாடமாகச் சொல்லும் தோழர்கள், இந்த 207.98-ஐக் கேள்விப்பட்டதே இல்லை. மலக்குழிச் சாவுக்கு 30 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது நமக்குத் தெரிகிறது, அதற்காகப் போராடியிருக்கிறோம். அதே மனிதர் குழியில் சாகாமல், பத்து வருடம் சாக்கடை அள்ளி நோய்வாய்ப்பட்டு வீட்டில் கிடந்தால்?

அதுவும் சட்டத்தில் இருக்கிறது. கிருமித்தொற்று ஆபத்து உள்ள வேலையில் பிடிக்கும் தொற்றுநோய், ஈயத்தால் வரும் நோய், இரைச்சலால் போகும் காது, தூசியால் கெடும் நுரையீரல் எல்லாம் தொழில்நோய்ப் பட்டியலில் உள்ளவை. பழைய பேட்டரி உடைக்கிறவரும் துப்புரவுப் பணியாளரும் நம் தெருவில்தான் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுடைய ஓபி சீட்டில் என்ன வேலை என்று யாரும் எழுதுவதில்லை. டாக்டர் கேட்காவிட்டாலும் நாம் சொல்லி எழுத வைக்க வேண்டும்.

இஎஸ்ஐ பிடிக்கும் இடமானால் வழக்கு இந்தச் சட்டத்தில் போகாது, இஎஸ்ஐயிலேயே கேட்க வேண்டும். அங்கே குடும்பத்துக்கு மாதாமாதம் பணம் வரும். அம்பேத்கர் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது 1944-இல் அடார்கர் கொடுத்த அறிக்கையிலிருந்து வளர்ந்த திட்டம் அது. 2025 நவம்பர் 21 முதல் இரண்டு சட்டங்களும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டன. இந்தத் தொகுப்புகள் மீது நமக்குக் கடுமையான விமர்சனம் உண்டு, அதைத் தனியாக எழுதுவோம். பாதிக் கூலி, 60 சதவீதக் கூலி என்ற கணக்கு அப்படியே இருக்கிறது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நடக்கும் விபத்தும் இப்போது சேர்ந்திருக்கிறது. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டைத் தினமும் தாண்டுகிறவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை.

வழக்குகள் சட்டம் தெரியாமல் தோற்பதைவிட, ஆள் அங்கே வேலை பார்த்தார் என்பதற்குச் சாட்சி இல்லாமல் தோற்பதுதான் அதிகம். கூலி கையில் வருகிறது, வருகைப் பதிவேடு மேஸ்திரி பையில் இருக்கிறது. எனவே மாணவத் தோழர்களிடம் ஒன்று கேட்கிறோம். உங்கள் தெருவில் வேலைக்குப் போகிறவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். யாரிடம், எங்கே, எவ்வளவு கூலிக்கு வேலை என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். கேட் பாஸ் இருந்தால் போனில் படம் எடுங்கள், மேஸ்திரி அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜை அழிக்காமல் வைக்கச் சொல்லுங்கள். அடிபட்டால் மருத்துவமனையில் ‘வேலையில் அடிபட்டது’ என்று சொல்லி ஏஆர் காப்பி வாங்குங்கள். ‘வீட்டில் வழுக்கி விழுந்தேன்’ என்று மேஸ்திரி சொல்லிக்கொடுத்ததைச் சொல்ல விடாதீர்கள். மனு தொழிலாளர் துணை ஆணையரிடம் போகிறது. 1923 சட்டம் கொடுத்த கெடு 2 வருடம், ஆனால் அதுவரை காத்திருந்தால் கூட வேலை பார்த்த சாட்சிகள் ஊருக்குப் போய்விடுவார்கள். கூட்ஸ் ஷெட்டில் ஆட்கள் டீ குடிக்க வெளியே வருகிற நேரம் உங்களுக்கே தெரியும், முதல் நோட்டை அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.