நாணம்: அணிகலனா, கைவிலங்கா?

எடமலைப்பட்டி புதூரிலிருந்து காலை வேளையில் திருச்சி நகருக்குள் செல்லும் பேருந்து எதில் வேண்டுமானாலும் ஏறிப் பாருங்கள், தோழர்களே! இருவர் அமரும் இருக்கையில் ஆண்மகன் ஒருவன் காலைப் பரப்பி, கையை நீட்டி, கொலு வீற்றிருப்பான். அதே அளவு இருக்கையில் பெண்கள் மூவர், முழங்காலோடு முழங்கால் ஒட்ட, பையை மார்போடு அணைத்து, ஒடுங்கி அமர்ந்திருப்பர். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணம் இல்லை. கட்டணம் போயிற்று, ஒடுக்கம் போகவில்லை!

ஏன் இந்த வேற்றுமை என்று கேட்டால், "அது இயற்கை" என்று ஒரே சொல்லில் வாயடைக்கப் பார்க்கின்றனர். இயற்கையாம்! எந்த இயற்கை?

இயற்கை செய்த வேற்றுமை உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. பெண்ணின் இடுப்பெலும்பு அகன்றது. பருவம் வந்ததும் ஆணின் குரல்வளை பெருத்துக் குரல் தடிக்கிறது. ஆனால், முழங்காலைச் சேர்த்து வை என்று எந்த எலும்பு சொல்லிற்று? தலையைக் குனி என்று எந்த நரம்பு ஆணையிட்டது? குரல்வளை இன்னும் வேறுபடாத ஐந்து வயதுச் சிறுமியிடமே "மெல்லப் பேசு" என்கிறார்களே, அது யார் எழுதிய விதி? காலை அகட்டாதே, கால்மேல் கால் போடாதே, வாசலில் நிற்காதே, உரக்கச் சிரிக்காதே என்று பாட்டியும் தாயும் அண்டை வீட்டாரும் நாள்தோறும் அதட்டிக் கற்பிக்கின்றனர். தானே வருவது இயற்கை என்றால், இத்தனை அதட்டல் எதற்கு? மீனுக்கு நீந்தக் கற்றுக் கொடுப்பார் உண்டோ?

இந்தப் பாடத்திற்கு இலக்கணமும் இருக்கிறது, பழமொழியும் இருக்கிறது. பெருமையும் வலிமையும் ஆணுக்கு. அச்சமும் நாணமும் மடமும் பெண்ணுக்கு என்று தொல்காப்பியமே பங்கு பிரித்து வைத்தது. பின்வந்தோர் பயிர்ப்பையும் சேர்த்து நான்காக்கினர். "பொம்பளை சிரிச்சா போச்சு, புகையிலை விரிச்சா போச்சு" என்று தெருவும் தன் பங்கைச் செலுத்திற்று. தமிழின் தொன்மையைப் போற்றுகிறோம். தொன்மை என்பதற்காக அடிமைத்தனத்தைப் போற்ற மாட்டோம்.

கழனியைப் பாருங்கள். நாற்று நடும் பெண் புடவையை வரிந்து கட்டி, காலை அகற்றிச் சேற்றில் ஊன்றி நிற்கிறாள். கட்டடம் எழும் இடத்தைப் பாருங்கள். சித்தாள் தலையில் கலவைச் சட்டியோடு சாரம் ஏறுகிறாள். அப்போது அந்த மென்னடை எங்கே போயிற்று? உழைக்கும்போது மறந்துபோகிற இயற்கை, திண்ணையில் உட்காரும்போது மட்டும் நினைவுக்கு வருமோ? திருவரங்கத்து வேணுகோபாலன் சன்னதிச் சுவரில் கல்மங்கையர் ஒயிலாய் நிமிர்ந்து நிற்கின்றனர். கல் நின்றால் கலை; உயிருள்ள பெண் அப்படி நின்றால் திமிர்!

இதைவிட வலிய சான்று ஒன்று உண்டு. ஊர்ப் பண்ணையார் முன் தாழ்த்தப்பட்ட தோழன் எப்படி நிறுத்தப்பட்டான்? துண்டைக் கக்கத்தில் இடுக்கி, முதுகை வளைத்து, கைகட்டி, வாய்பொத்தி, செருப்பைக் கழற்றி! அவன் ஆண்தானே? அவனுக்கு யார் தந்தது இந்தக் கூனல்? சாதி தந்தது. துண்டைத் தோளில் போடு என்று சுயமரியாதை இயக்கம் சொன்னது, அவன் நிமிர்ந்தான், இயற்கை இடிந்து விழவில்லை. ஒடுங்கி நிற்பது பெண்மையின் அடையாளம் அன்று, அடிமையின் அடையாளம் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

நாணம் பெண்ணுக்கு இயல்பு என்போர் திருவிதாங்கூர் வரலாற்றைப் படிக்கட்டும். அங்கே நாடார் குலப் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்கே பல்லாண்டு போராடினர். 1859-இல் அரசு இறங்கி வந்தது. அப்போதும் மேல்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியக்கூடாது என்ற நிபந்தனையோடுதான்! ஒரு பெண்ணிடம் "மூடு" என்றனர். இன்னொரு பெண்ணிடம் "மூடாதே" என்றனர். இருவர் உடலுக்கும் ஆணையிட்டது ஆதிக்கம். அதன் பெயரா நாணம்?

இது உட்காரும் முறை பற்றிய அற்பச் சண்டை என்று நகைப்போர் இருக்கலாம். அன்று! சென்னையில் கல்லூரி மாணவி ஒருத்தி சீண்டலுக்கு ஆளாகி உயிர்நீத்த பின்னரே, 1998-இல் தமிழ்நாட்டில் சீண்டலைத் தடுக்கச் சட்டம் வந்தது. சட்டம் கைகொடுக்கும், முதற்குரல் அவள் கொடுக்க வேண்டும். குரல் உயர்த்தாதே என்று பதினைந்து ஆண்டு பயிற்றுவித்துவிட்டு, கூட்ட நெரிசலில் கயவன் ஒருவன் கைநீட்டும்போது "ஏன் கத்தவில்லை?" என்று அவளையே கேட்பது எந்த ஊர் நியாயம்? நாக்கைக் கட்டியவர்கள் நாமல்லவா என்று சமுதாயம் தன்னைக் கேட்கட்டும்!

1929-இல் செங்கற்பட்டு மாநாடு பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை கேட்டது. 1989-இல் தமிழ்நாட்டில் அது சட்டமாயிற்று. நிலத்தில் பங்கு வந்தது. தன் உடல் நிற்கும் இடத்தில் பங்கு வரவில்லை. பிறநாட்டார் விழித்துக்கொண்டனர். ஸ்பெயினின் மாட்ரிட் நகரப் பேருந்துகளில், காலைப் பரப்பி அடுத்தவர் இடத்தைக் கவராதீர் என்று 2017-இல் அறிவிப்பே ஒட்டினர். நம் திருச்சி மண்ணின் சுபா வெங்கடேசன் 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுத் தொடர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். அடக்கமாய் நடந்தா வென்றார்? காலை வீசி ஓடி வென்றார்!

பள்ளியில் பணிபுரியும் நம் கைகளில் இருக்கிறது அடுத்த வேலை. விளையாட்டு வேளையில் மைதானம் பையன்களுக்கு, நிழல் பெண்களுக்கு என்ற பங்கீடு ஒழியட்டும். கேள்விக்கு விடை தெரிந்த சிறுமி, கடைசி வரிசைக்குக் கேட்கும்படி நிமிர்ந்து நின்று சொல்லட்டும். பிறர் இடத்தை விட்டுக் கொடுத்து உட்காரப் பையன்களுக்கும் கற்பிப்போம். அடக்கம் நற்குணமானால் அது இருவர்க்கும் பொது.

இளைஞர்களே! மேடையில் பெண்விடுதலை பேசிவிட்டு, வீட்டில் தங்கையிடம் "காலை மடக்கு" என்று சொல்லும் நாவை முதலில் மடக்குங்கள். அவள் நிமிரட்டும். நிமிர்ந்த தலையில் மகுடம் ஏறாவிட்டாலும் பாதகமில்லை, நுகத்தடி ஏறாது!