சாட்சியை நீக்கிய சபை

வட கொரியாவின் அணுவாயுத முயற்சியைத் தடுக்க 2006-ல் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை தடைகளை விதித்தது. அவை மீறப்படுகின்றனவா என்று ஆராய 2009-ல் நிபுணர் குழுவொன்றை நியமித்தது. அக்குழுவுக்குத் தண்டிக்கும் அதிகாரமில்லை. கப்பல்களின் போக்கையும் வர்த்தகக் கணக்குகளையும் சோதித்து, கண்டதைச் சபைக்கு அறிவிப்பதே அதன் வேலை.

2024 மார்ச் 28-ல் ருஷ்யா தன் வீட்டோவினால் அக்குழுவின் ஆயுளை முடித்தது. 13 தேசங்கள் நீடிப்பை ஆதரித்தன. சீனா நடுநிலை வகித்தது. ருஷ்யாவுக்கு வட கொரிய ஆயுதங்கள் சென்றனவென்ற புகாரை அக்குழு அப்போது விசாரித்து வந்தது என்பதே கவனிக்கத்தக்க விஷயம். பிரதிவாதியே சாட்சியை வெளியேற்றும் நியாயஸ்தலத்தை என்னென்பது?

பின்னர் 11 தேசங்கள் தனிக் கண்காணிப்புக் குழு அமைத்தன. அது ஒரு கட்சியாரின் குழுவேயன்றிச் சபையின் குழுவன்று. சட்டத்தை வைத்துக்கொண்டு சாட்சியை நீக்குவது, சட்டத்தையே நீக்குவதினும் கேடு.