படம் நல்லாத்தான் இருக்கு

எங்களில் ஒருத்தியின் ராத்தாவுக்கு இருபதாவது கிழமை. ஸ்கேனுக்குத் துணையாகப் போனோம். நம்பர் 34. மஃரிபுக்குப் பிறகுதான் கூப்பிட்டார்கள். உள்ளே போனவ நான்கு நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டா. கையில் பிள்ளையின் முகம் தெரிகிற படமும் ஒரு பக்க ரிப்போர்ட்டும். 'எல்லாம் நோர்மல்' என்றிருந்தது. இதயம், முதுகெலும்பு, சிறுநீரகம் என்று எதையும் தனித்தனியாக எழுதல்ல. கீழே ஒரு கையெழுத்து, பெயர் இல்லை. உம்மாவுக்கென்றால் மூக்கு வாப்பாட மூக்கு மாதிரியே இருக்கு என்று சந்தோஷம்.

பிழையாகப் பார்த்தார்கள் என்று சொல்ல எங்களுக்கு அறிவில்லை. ஆனால் 18 தொடக்கம் 22 கிழமைக்குள் எடுக்கிற ஸ்கேனே பிள்ளையின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்கத்தான். எதைப் பார்த்தார், எது சரியாகத் தெரியல்ல என்று எழுதித் தந்தால்தானே அது ரிப்போர்ட்?

கல்முனைக்குடியில் எங்கே ஸ்கேன் எடுக்கலாம் என்று யாரிடமும் கேட்டுப் பாருங்கள். மெஷின் புதுசு, ஏசி இருக்கு, 4டி படம் தருவாங்க என்பார்கள். மெஷினைப் பிடிக்கிற கையைப் பற்றி ஒரு சொல் வராது. ஸ்கேனில் அந்தக் கைதான் பெரிய விஷயம். புரோபைச் சரியான கோணத்தில் திருப்பத் தெரியாவிட்டால் எந்த மெஷினும் உதவாது.

பயப்படுவதிலும் எங்கட ஆக்கள் இடம் மாறித்தான் பயப்படுகிறார்கள். இது எக்ஸ்ரே இல்லை, ஒலி அலை, கதிர்வீச்சு கிடையாது. ஒலி கொஞ்சம் சூடாக்கும் என்பதால், தேவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது விதி. படத்துக்காக மட்டும் நீட்டுவதைத்தான் தவிர்க்க வேண்டும். யோசிக்க வேண்டியது சுத்தத்தை. உள்ளே வைத்துப் பார்க்கிற புரோபுக்கு உறை போட்டாலும், ஒவ்வொருவருக்கும் பிறகு முறையாகக் கிருமி நீக்க வேண்டும். 2021இல் ஒரு ஸ்கேன் ஜெல்லிலேயே பக்டீரியா இருந்ததால் அதைப் பாவிக்க வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அறிவித்தது.

சட்டம் இல்லாமலில்லை. தனியார் மருத்துவ நிலையங்களைப் பதிய 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் இருக்கு. வருஷா வருஷம் புதுப்பிக்கவும் வேண்டும். அந்தச் சான்றிதழைச் சுவரில் தேடினோம், கிடைக்கல்ல. கவுண்டரில் இருந்த தங்கச்சியிடம் கேட்டதற்கு, "இதெல்லாம் ஆரும் கேக்குறல்லையே" என்றா.

உண்மைதான். எங்கட உம்மாமார் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள்: பொம்புள டொக்டர் இருக்காவா? அது நியாயமான கேள்வி. அதைக் கேட்டுக் கேட்டுத்தான் இன்றைக்கு இங்கே போர்டிலேயே 'பெண் வைத்தியர்' என்று எழுதிப் போடுகிறார்கள். அதோடு இன்னும் இரண்டைச் சேர்த்துக் கேட்டால் என்ன? ஸ்கேன் பண்ணுகிறவர் பெயர் என்ன, புரோபை எப்படிச் சுத்தம் பண்ணுறீங்க? டொக்டரின் பெயர் கிடைத்தால் இலங்கை மருத்துவ சபையின் இணையத்தளத்தில் போட்டுப் பார்க்கலாம், போனிலேயே.

ராத்தாவுக்கு அடுத்த கிழமை கிளினிக் இருக்கு. இந்த ரிப்போர்ட்டைக் காட்டி, திரும்ப ஒருக்கா பார்க்கணுமா என்று கேட்கச் சொல்லியிருக்கிறோம்.