துறவி சொன்ன எண்

பெரிய எண்ணைக் கண்டாலே அஞ்சுவோர் நம்மில் பலர். அவர்களுக்காகவே ஓர் எண்ணை இங்கே எழுதுகின்றோம்: 147573952589676412927. 67 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, அதில் ஒன்றைக் கழித்தால் வரும் 21 இலக்க எண் இது.

பிரெஞ்சு நாட்டில் மாரின் மெர்சென் என்றொரு துறவி வாழ்ந்தார். மினிம் சபையைச் சேர்ந்தவர். பாரிஸ் மடத்தில் இருந்துகொண்டே தெக்கார்த், பெர்மா போன்ற பேரறிஞர்களுடன் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். (செபமும் கணிதமும் ஒரே அறையில் குடியிருக்க முடியாது என்போர் கவனிக்க!) 1644இல் வெளியிட்ட நூலில், இவ்வகை எண்களுள் பகா எண்கள் எவை என ஒரு பட்டியல் தந்தார். நம் எண்ணும் அதில் இடம்பெற்றது. 1876இல்தான், எதுவார் லூக்கா என்ற அறிஞர் இது பகா எண் அன்று என நிறுவினார். விந்தை என்னவெனில், ஒரு காரணியைக்கூட அவர் காட்டவில்லை. பெட்டியைத் திறக்காமலே உள்ளே பொருள் உண்டு என்று அறிந்துகொண்டது போலத்தான்!

பெட்டியைத் திறந்தவர் பிராங்க் நெல்சன் கோல் என்ற அமெரிக்கப் பேராசிரியர். 1903 அக்டோபர் 31 அன்று நியூயார்க்கில் நடந்த கணிதக் கழகக் கூட்டத்தில், ஒரு சொல்லும் பேசாமல் கரும்பலகையில் 193707721ஐ 761838257287ஆல் பெருக்கிக் காட்டினார் என்பர். விடையாக நம் எண்ணே வந்தது. அவையோர் கைதட்டினர். இதைக் கண்டுபிடிக்க மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின என்றாராம். பூசைக்குப் போய் வந்த பிறகுதான் என்று நம்புவோம்.

தேடியவருக்கு மூன்று ஆண்டுகள். சரிபார்ப்பவருக்கோ ஐந்தாம் வகுப்புப் பெருக்கல் போதும். மெர்செனின் பெருமை இதனால் குறையவில்லை. ஆயினும் அத்தகைய பெரியவரின் கூற்றையே ஒரு சிறுமி தாளும் பென்சிலும் கொண்டு சோதிக்கலாம் என்பதை நாம் எண்ணிப் பார்க்கின்றோமா? கைடில் உள்ள விடையை அப்படியே எழுதுகின்றோம். "எனக்குக் கணக்கு வராது" என்று பத்தாம் வகுப்போடு அதற்குக் கும்பிடு போடுகின்றோம். வீட்டிலும் "பெண்ணுக்கு இவ்வளவு போதும்" என்று விட்டுவிடுகின்றனர். மதிப்பெண் எதுவும் இல்லாத நெடுங்கணக்கு ஒன்றை வாரந்தோறும் வகுப்பில் தரவேண்டும் என்று அருட்சகோதரியரையும் ஆசிரியைகளையும் வேண்டுகின்றோம். விடையைச் சொல்லாமல், சரியா தவறா என்று மாணவியரே தீர்ப்புக் கூறட்டும்.

முதற்கணக்காக இதையே எடுத்துக்கொள்ளலாம். சாதாரணக் கால்குலேட்டரில் 21 இலக்கங்களுக்கு இடமில்லை, கையால்தான் பெருக்கவேண்டும். முதலில் இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள். ஒரு காரணிக்கு 37, மற்றதற்கு 64, விடைக்கு 109. மீண்டும் மீண்டும் கூட்டினால் மூன்றுமே 1 ஆகும். இது முழுச் சான்று ஆகாது. ஆனாலும் பெரும்பாலான பிழைகளைக் காட்டிக் கொடுத்துவிடும். பிறகு சிறிய எண்ணால் பெரிய எண்ணைப் பெருக்குங்கள். எட்டே வரிகள் வரும். 7 மூன்று முறை வருவதால் அந்த வரியை ஒருமுறை கணக்கிட்டால் போதும். இலக்கங்கள் இடம் மாறாதிருக்கக் கட்டம் போட்ட நோட்டே நல்லது.